43 ஃபைல், எல்லாமே எட்டாவது பாரில் நிற்கிறது

எட்டுபார்

வணக்கம். நான் கணிதம் இரண்டாமாண்டு, இசைத்துறை மாணவன் இல்லை. சின்ன வயதில் நான்கு வருடம் வாய்ப்பாட்டு படித்தேன், வர்ணத்தோடு நின்றுபோயிற்று. அப்புறம் கீபோர்டு, அது முழுக்கக் கேள்வி ஞானம்தான். சொந்தமாக மெட்டுப் போட வேண்டும் என்ற கிறுக்கு பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு பிடித்தது.

லேப்டாப்பில் 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன், 43 ஃபைல். ஒன்றுகூட முடிந்தது இல்லை. எட்டு பார் (நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்) வரை ஜோராக வரும். அதை லூப்பில் ஓட விட்டு ஒரு மணி நேரம் நானே ரசிப்பேன். ஒன்பதாவது பாரில் எதைப் போட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் பேச்சில் சம்பந்தமில்லாத ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். உடனே புது ஃபைல் திறந்துவிடுவேன்.

உதாரணத்துக்கு 31-ம் நம்பர் ஃபைல். டி மைனர், வேகம் நிமிடத்துக்கு 72 பீட். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) பாருக்கு ஒன்றாக டி மைனர், பி ஃப்ளாட், எஃப், சி, திரும்பவும் அதே நான்கு. மெட்டு தொடங்குவது டி, எஃப், ஈ, ஏ. முதல் ஸ்வரம் ஒரு பீட், அடுத்த இரண்டும் அரை அரை, கடைசி ஏ இரண்டு பீட் நிற்கும்.

தியரி படித்தால் இது சரியாகுமா? இசைத்துறையில் கம்போசிஷனை விருப்பப்பாடமாக எடுக்கலாமா? இல்லை, எனக்கு வராது என்று விட்டுவிடலாமா?

டிரம்மர்_7

43தானா? என்கிட்ட 110 இருக்கு தம்பி. அதுல பாதிக்கு 'ஃபைனல்'னு பேர் வெச்சிருக்கேன்.

காதே_குரு

தியரி பக்கம் மட்டும் போகாதீர்கள். என் நண்பன் ஒருத்தன் பிரமாதமாக மெட்டுப் போடுவான். ஹார்மனி வகுப்புக்குப் போனான். இப்போது கீபோர்டில் கை வைத்தாலே 'இது பேரலல் ஃபிஃப்த், தப்பு' என்று அவனே அழித்துவிடுகிறான். ஒன்றரை வருடமாக ஒரு மெட்டும் இல்லை. நிறையக் கேளுங்கள், காது தானாகச் சொல்லித்தரும்.

பழைய_சுருதிப்பெட்டி

எட்டுபார் தம்பி, உன் 31-ம் ஃபைலை வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அது ஏன் நகர மறுக்கிறது என்பதற்கு இரண்டு காரணம் தெரிகிறது.

முதல் காரணம் கார்டு. டி மைனர், பி ஃப்ளாட், எஃப், சி என்ற வரிசை வட்டமாகச் சுற்றுகிற ரங்கராட்டினம். கடைசி சி, அடுத்த டி மைனருக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. எங்கேயும் ஒரு இழுப்பு இல்லை, அதனால் வந்து சேர்ந்த நிம்மதியும் இல்லை. லூப்பில் போட்டால் சுகமாக இருப்பதும் அதனால்தான், அதைவிட்டு வெளியே வர முடியாததும் அதனால்தான்.

எட்டாவது பாரில் மட்டும் சி-யை எடுத்துவிட்டு ஏ மேஜர் போட்டுப் பார். அதில் சி ஷார்ப் வரும். டி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நீ இதுவரை போட்டதெல்லாம் நடபைரவி ராகத்தின் ஸ்வரங்கள். சி என்பது கைசிகி நிஷாதம். அதை அரை ஸ்வரம் ஏற்றினால் காகலி நிஷாதம், நீ கீரவாணி ராகத்துக்குள் வந்துவிட்டாய். அந்த நிஷாதம் ஸட்ஜத்தின் வாசலில் நின்று கதவைத் தட்டுகிற ஸ்வரம். இப்போது ஒன்பதாவது பார் வந்தே ஆக வேண்டும் என்று காது கேட்கும்.

இரண்டாவது காரணம், ஒன்பதாவது பாரில் நீ புது மெட்டுத் தேடுகிறாய். எதற்கு? உன் கையில் இருக்கும் டி எஃப் ஈ ஏ, அதாவது ச க ரி ப, அதையே இன்னும் தொட்டுப் பார்க்கவில்லையே. வர்ணம் வரை படித்தவனுக்கு சங்கதி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பல்லவியின் ஒரே வரி, முதல் தடவை எளிமையாக வரும், அடுத்த தடவை கடைசியில் ஒரு சுழிப்பு, அதற்கடுத்து மேல் ஸ்தாயியைத் தொட்டுவிட்டு வரும். யாரும் அங்கே புது வரி கேட்பதில்லை.

ச க ரி ப-வை வைத்து எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு ஸ்வரம் மேலே ஏற்று: ரி ம க த. அதே முகம், ஒரு படி மேலே நிற்கிறது.

கடைசித் தாவலைத் திருப்பு: ச க ரி, அப்புறம் கீழ் ஸ்தாயி ப. முதலில் கேள்வி கேட்ட வாய் இப்போது தலை குனிகிறது.

தாளத்தை மாற்று: அந்த நான்கு ஸ்வரத்தையே இரண்டு பாருக்கு நீட்டு. அதே மெட்டு என்று கேட்பவருக்கு உடனே தெரியாது, ஆனால் அந்நியமாகவும் படாது.

வாலை வெட்டு: ச க ரி மட்டும், மூன்றும் அரை அரை பீட்டாக, திரும்பத் திரும்ப. நான்கு பீட் பாருக்குள் மூன்று மூன்றாக ஓடும்போது எங்கே வந்து இறங்கும் என்று ஒரு பதற்றம் வரும். கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு கேட்டிருப்பாய், எட்டு நான்காகி, நான்கு இரண்டாகி நெருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் கோர்வை என்ற முடிப்பில் வந்து விழும். மேற்கத்திய இசையில் எட்டு பார் வாக்கியம் கட்டும்போது செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டு பார் சொல்வது, இரண்டு பார் அதையே மாற்றிச் சொல்வது, அடுத்த நான்கில் துண்டுதுண்டாக்கி முடிவுக்குத் தள்ளுவது.

வீட்டுப்பாடம்: கார்டு டிராக்கை மியூட் செய். மெட்டை மட்டும் 24 பார் எழுது. ச க ரி ப-வில் இருந்து பிறக்காத ஒரு ஸ்வரம்கூட இருக்கக்கூடாது. நன்றாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, 24 பார் இருக்க வேண்டும்.

நள்ளிரவு_மிக்ஸ்

சுருதிப்பெட்டி ஐயா சொன்னதோடு என் பங்குக்கு இரண்டு.

மென்பொருளில் லூப் பட்டனை அணைத்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எட்டு பாரை நாற்பது தடவை கேட்டால் அது மூளையில் முழுப் பாட்டாகவே பதிந்துவிடும். அதற்கப்புறம் ஒன்பதாவது பார் எது வந்தாலும் இடைஞ்சல்தான்.

இரண்டாவது, முடிக்கும் வரை பியானோ ஒலி மட்டும். என் முதல் வருடம் முழுக்க 'எந்த பேட் ஒலி, எந்த ரிவர்ப் (எதிரொலி)' என்று தேடுவதிலேயே போனது. நல்ல ரிவர்ப் போட்டால் ஒரே ஒரு ஸ்வரம்கூட உருகும். அப்புறம் மெட்டு இல்லாத குறை எப்படித் தெரியும்?

காதே_குரு

ஐயா, நீங்கள் எழுதியது எல்லாம் தியரிதானே? இதைப் படிக்காமலே எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்?

பழைய_சுருதிப்பெட்டி

போட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 'கேட்டுக் கேட்டு வந்தது' என்று நாம் சொல்கிற பலரும் சும்மா கேட்கவில்லை, கையால் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மன் இசைமேதை பாக் வைமர் நகரில் இருந்தபோது விவால்டியின் கன்சர்ட்டோக்களை விசைப்பலகைக்கு மாற்றி எழுதினார். ஹைடன் பாடகர் குழுவை விட்டு வெளியே வந்த பிறகு, ஃபுக்ஸ் 1725-ல் எழுதிய கவுன்டர்பாயின்ட் (பல குரல்களைப் பின்னி எழுதும் முறை) பாடநூலை வைத்துக்கொண்டு தனக்குத்தானே பயிற்சி கொடுத்துக்கொண்டார். நம் பக்கம் முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரி, எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். அவ்வளவு பெரிய மேதையே வேறொருவர் மெட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

உங்கள் நண்பர் கதைக்கு வருகிறேன். பேரலல் ஃபிஃப்த் கூடாது என்பது சத்தம் கெட்டுவிடும் என்பதற்காக வந்த விதி இல்லை. இரண்டு குரல் தனித்தனியாக நடக்க வேண்டிய இடத்தில் ஐந்தாம் ஸ்வர இடைவெளியிலேயே சேர்ந்து நகர்ந்தால் இரண்டும் ஒட்டி ஒரே குரலாகக் கேட்கும். இரண்டு குரல் வேண்டும் என்றால் அது தப்பு. ஒரே தடித்த குரல் வேண்டும் என்றால் அதுதான் சரி. ராக் கிட்டாரில் பவர் கார்டு (ஒரு ஸ்வரமும் அதன் ஐந்தாம் ஸ்வரமும் மட்டும்) முழுக்க அதுதானே? பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி வரிசை வரிசையாக எழுதியிருக்கிறார். உங்கள் நண்பருக்கு விதியைச் சொல்லிக்கொடுத்தவர் காரணத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

காதே_குரு

பவர் கார்டு விஷயம் அவனிடம் சொல்கிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை :)

மூன்றாமாண்டு_இசை

விருப்பப்பாடம் பற்றிக் கேட்டிருந்தாய். நான் கம்போசிஷன்தான் படிக்கிறேன், உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன் தம்பி. தியரி நீ பயப்படுகிற அளவுக்கு இல்லை. வகுப்பின் உண்மையான லாபம் இரண்டு: தேதி வைப்பார்கள், வாசிக்க ஆள் தருவார்கள். இந்த இரண்டையும் வெளியே ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தால் பாடம் எடுக்காமலும் ஓட்டலாம். குறும்படம் எடுக்கும் மாணவர்கள், நாடகக் குழு, இவர்களிடம் போய் 'இசை நான் போடுகிறேன்' என்று சொல். 'வெள்ளிக்கிழமைக்குள் 50 வினாடி, 32-வது வினாடியில் கதவு மூடும்' என்பார்கள். அங்கே எட்டு பாரில் நிற்க முடியாது.

வாசிக்க ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு என் முதல் வருட மானக்கேடு ஒன்று. புல்லாங்குழல், கிளாரினெட், செல்லோ, மூன்றுக்கும் ஒரு நான்கு நிமிடத் துண்டு எழுதினேன். கணினியில் ஓட விட்டால் தேவகானம். ஒத்திகைக்கு எனக்குக் கொடுத்தது 20 நிமிடம். முதல் பாரிலேயே ஏதோ நாராசம். மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் ஸ்கோரைப் பார்க்கிறேன், ஸ்கோர் சரியாக இருக்கிறது. கிளாரினெட் வாசித்த அக்கா பொறுமையாகக் கேட்டார், 'இது கன்சர்ட் பிட்ச்சா?', அதாவது ஒலிக்க வேண்டிய ஸ்வரத்தையே தாளில் எழுதியிருக்கிறாயா என்று. அப்போதுதான் உறைத்தது. பி ஃப்ளாட் கிளாரினெட்டில், தாளில் சி என்று எழுதினால் ஒலிப்பது பி ஃப்ளாட். ஒரு முழு ஸ்வரம் மேலே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நோட்டேஷன் மென்பொருளில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. எழுதும் வசதிக்காக அதை மாற்றி வைத்தவள், அச்சிடும்போது திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். அவர் கண்ணாலேயே மாற்றி வாசித்துச் சமாளித்தார். பாடம் அதோடு முடியவில்லை. புல்லாங்குழலுக்கு 11 பார் இடைவெளியே இல்லாமல் ஒரு நீளமான வரி. ஏழாவது பாரில் வாசித்தவன் குழலைக் கீழே வைத்துவிட்டு, 'நான் எங்கே மூச்சு விடட்டும்?' என்றான். கணினிக்கு மூச்சு வாங்காதில்லையா.

அன்றிலிருந்து காற்றுக் கருவிக்கு எழுதும் எந்த வரியையும் நானே ஒரு தடவை வாய்விட்டுப் பாடிப் பார்த்துவிடுவேன். ஹாஸ்டல் அறைத் தோழி அதற்குள் இரண்டு முறை அறை மாறிவிட்டாள்.

டிரம்மர்_7

அந்தக் குழல்காரன் சொன்னது டிரம்ஸுக்கும் பொருந்தும்க்கா. போன மாசம் ஒருத்தன் புரோகிராம் பண்ண பீட்டைக் கொண்டு வந்தான். அதை வாசிக்க எனக்கு மூணு கை வேணும்.

எட்டுபார்

எல்லோருக்கும் நன்றி. வீட்டுப்பாடத்தில் 17 பார் வந்தேன். ஏ மேஜர் வேலை செய்கிறது. எட்டாவது பார் முடியும்போது கை தானாக அடுத்ததற்குப் போகிறது.

ஆனால் 17-ல் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. முடிக்கத் தெரியாததால் மட்டும் நான் நிறுத்தவில்லை. எட்டு பாராக இருக்கும்வரை அது பிரமாதமான ஒரு பாட்டின் தொடக்கம். முடித்துவிட்டால் சுமாரான ஒரு பாட்டு. அந்த 43-ஐயும் அப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது.

இன்னொரு பயமும் உண்டு. ரி ம க த போட்டதும் இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று உறுத்துகிறது. எனக்குத் தெரியாமலே திருடிக்கொண்டிருக்கிறேனோ?

மூன்றாமாண்டு_இசை

முதல் விஷயத்துக்கு: ஆமாம், சுமாராகத்தான் இருக்கும். என் முதல் ஆறு துண்டுகளை நான் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. ஏழாவதில் ஒரு இடம், சரியாக ஐந்து பார், இப்போதும் பிடிக்கும். அந்த ஐந்து பார் முதல் துண்டில் வந்திருக்காது.

நள்ளிரவு_மிக்ஸ்

திருட்டுப் பயம் சும்மா வருவதில்லை. 1976-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டு ஒன்றைப் பற்றி இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆனால் மனதின் அடியில் தங்கியிருந்த பழைய மெட்டு அது என்று. அவ்வளவு பெரிய ஆளுக்கே நடந்திருக்கிறது.

அதற்காக நான்கு ஸ்வரத்துக்குப் பயந்தால் யாரும் எதுவும் போட முடியாது. மோகனத்தில் மொத்தமே ஐந்து ஸ்வரம், அதில் எத்தனை மெட்டு! ஸ்வர வரிசை மட்டும் ஒத்துப்போனால் விட்டுவிடுங்கள். ஸ்வரம், தாளம், எங்கே நின்று எங்கே மூச்சு விடுகிறது, மூன்றும் சேர்ந்து ஒத்துப்போனால் கவலைப்படுங்கள். நான் செய்வது, மெட்டை முணுமுணுத்து ஃபோனில் பதிந்து மூன்று பேருக்கு அனுப்புவேன், ஒரே கேள்வியோடு: 'இது எந்தப் பாட்டு?' மூவரும் மூன்று பாட்டைச் சொன்னால் தப்பித்தோம். இரண்டு பேர் ஒரே பாட்டைச் சொன்னால் முதலில் தாளத்தை மாற்றுவேன். பெரும்பாலும் அதிலேயே மெட்டு வேறு ஆளாகிவிடும்.

பழைய_சுருதிப்பெட்டி

ரி ம க த எங்கேயோ கேட்டது போலிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு தம்பி. அதை நீயே கேட்டிருக்கிறாய், எட்டு பாருக்கு முன்னால், ச க ரி ப-வாக. கேட்பவருக்கும் அந்தப் பரிச்சயம் வர வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்.

17-க்கு மேல் நகரவில்லை என்றால் நடுப் பகுதியை எஃப் மேஜருக்குக் கொண்டுபோ. ஆதார ஸ்வரம் மாறினாலும் ஸ்வரங்கள் அதேதான், எஃப் வீடாகிவிடுகிறது. வெயில் அடித்த மாதிரி இருக்கும். அங்கே அதிக நேரம் உட்காராதே, எட்டு பார் போதும். திரும்பி டி மைனருக்கு வரும்போது அந்த சி ஷார்ப் கதவைத் தட்டட்டும்.

எட்டுபார்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். இடையில் இன்டர்னல் தேர்வு.

முடிந்தது. 28 பார், வேகம் 72, ஒரு நிமிடம் 33 வினாடி. முதல் எட்டு டி மைனர், அடுத்த எட்டு எஃப் மேஜர், அப்புறம் எட்டு மறுபடி டி மைனர். கடைசி நான்கில் ச க ரி ப-வை நீட்டி நீட்டி, கீழ் ஸ்தாயி ஸட்ஜத்தில் இறக்கி முடித்தேன். நடுப் பகுதி கொஞ்சம் அசடு வழிகிறது, தெரியும். 21-வது பார் மட்டும் எனக்கே பிடித்திருக்கிறது. ச க ரி துண்டு ஓடிக்கொண்டே வந்து, எதிர்பார்க்காத இடத்தில் ப-வில் நின்றுவிடும். அது யோசித்து வந்ததில்லை, மூன்று மூன்றாக எண்ணும்போது கணக்குத் தப்பியதில் வந்தது. கணிதம் படிக்கிறவன் என்று வெளியே சொல்லாதீர்கள்.

ஹாஸ்டலில் வயலின் வாசிக்கும் நண்பன் ஒருத்தனிடம் கொடுத்தேன். முதல் தடவையே வாசித்துக்கொண்டு போனான், எனக்குக் கை நடுங்கியது. கடைசி பாரில் நிறுத்திவிட்டு, 'இந்த டி என்னிடம் இல்லையே' என்றான். அவன் வயலினின் அடித் தந்தி ஜி, அதற்குக் கீழே ஸ்வரமே கிடையாது. நான் கீபோர்டில் இறங்கிக்கொண்டே போய்விட்டேன். அவன் பதிலுக்கு அந்த ஸட்ஜத்துக்குப் போகாமல் கீழ் ப-விலேயே வில்லை நிறுத்திவிட்டான். பாட்டு முடியாமல் அந்தரத்தில் நின்ற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எது சரியென்று இன்னும் தெரியவில்லை.

காதே_குரு

ப-வில் நிறுத்துங்கள். கேட்காமலே சொல்கிறேன்.

பழைய_சுருதிப்பெட்டி

இதில் காதே_குரு பக்கம்தான் நான்.

எட்டுபார்

எனக்கு என்னவோ அந்த அடி ஸட்ஜம் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் போல இருக்கிறது. 28 பார் அதை நோக்கித்தான் இறங்கியது. வேறு எந்தக் கருவியில் அந்த டி கிடைக்கும்?

மூன்றாமாண்டு_இசை

பி ஃப்ளாட் கிளாரினெட்டில் கிடைக்கும். அதன் அடி ஸ்வரமே அந்த டி-தான், கருவி முழுக்க அதிரும், நன்றாக இருக்கும். நான் சொன்னேனே ஓர் அக்கா, அவரிடமே கேட்கிறேன்.

தாளில் ஈ என்று எழுது. மறந்துவிடாதே, மறுபடி என் மானம் போகும்.